ஜே-1 விசாவில் இருப்பவர் வெளியிடத்தில் விரிவுரை, ஆலோசனைக்கு அனுமதி எடுப்பது எப்படி

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆய்வாளராகப் போய் மூன்று நான்கு மாதம் ஆனதும் அந்த இமெயில் வரும். "உங்கள் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டோம். எங்கள் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேச முடியுமா? சிறு தொகையும் தருவோம்." வீட்டை விட்டுத் தூரத்தில், குளிரில் தனியே இருக்கும்போது இப்படி ஒரு அழைப்பு வந்தால் மனம் நிறைந்துவிடும். உடனே "சரி" என்று பதில் போட்டுவிடுவோம். நானும் போட்டேன்.

என் துறை நுளம்பு. கொழும்பில் டெங்கு பரப்பும் நுளம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். 2014இல் பதினொரு மாதத்துக்கு, பரிமாற்றத் திட்டத்தில் வருகிறவர்களுக்கான ஜே-1 விசாவில், ரிசர்ச் ஸ்கொலராக, அதாவது ஆய்வாளராக, அமெரிக்கா போனேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு கல்லூரி, பொதுச் சுகாதார வகுப்பில் பேசக் கூப்பிட்டது. 500 டொலர் தருவதாகச் சொன்னார்கள். புதன்கிழமை சம்மதம் எழுதினேன். விரிவுரை அடுத்த திங்கள். வியாழன் மதியம் சாப்பாட்டு நேரத்தில், அதே ஆய்வுகூடத்தில் இருந்த மதுரைப் பிள்ளை ஒருத்தி, "அக்கா, ஆர்.ஓ.விடம் கேட்டுவிட்டீர்களா?" என்றாள். என் ஜே-1 திட்டத்தின் பொறுப்பு அலுவலரைத்தான் அப்படிச் சொன்னாள். அவரிடம் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரமே சர்வதேச அலுவலகத்துக்கு ஓடினேன். இரண்டு கடிதம் வேண்டும், அவற்றைப் பார்த்து எழுத்தில் முடிவு சொல்வோம், அதுவரை பேசக் கூடாது என்றார்கள். விரிவுரை ஐந்து வாரம் தள்ளிப்போனது. மண்டபம் ஒதுக்கி, மாணவர்களுக்கு அறிவித்தும் முடித்துவிட்ட அந்தக் கல்லூரிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியது இன்றும் மனதை உறுத்துகிறது. அந்தப் பிள்ளை கேட்டிராவிட்டால் நான் போய்ப் பேசி, காசோலையும் வாங்கி, என்ன செய்தேன் என்று தெரியாமலே விதியை மீறியிருப்பேன்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷனுக்குக் கொஞ்சம் தள்ளி என் வீடு. ஒவ்வொரு வருடமும் ஜூன், ஜூலையில் இரண்டு மூன்று பேராவது கோப்பும் கையுமாக வருவார்கள்: கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருந்து, யாழ்ப்பாணத்தில் இருந்து, ஒருமுறை ஒலுவிலில் இருந்து. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லோரிடமும் ஒரு தாளைத்தான் கேட்பேன்: ஜே-1காரருக்கு ஸ்பொன்சர் தரும் டிஎஸ்-2019 படிவம். காலி வீதித் தூதரகத்தில் விசா ஒட்டிக் கிடைத்த கடவுச்சீட்டைத்தான் எல்லோரும் பெருமையோடு நீட்டுவார்கள். விசா வாசலைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போன பிறகு நீங்கள் யார், எதுவரை இருக்கலாம், எந்த வேலைக்காக வந்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் டிஎஸ்-2019இல் இருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் உங்கள் ஸ்பொன்சரின், அதாவது உங்கள் திட்டத்துக்குப் பொறுப்பான நிறுவனத்தின், பெயர். மூன்றாம் கட்டத்தில் தொடங்கும் நாளும் முடியும் நாளும். நான்கில் உங்கள் வகை. ஐந்தில் பணம் எங்கிருந்து, எவ்வளவு. ஏழில் கையெழுத்திட்ட அலுவலர். பொறுப்பு அலுவலர் என்பவரைத்தான் அங்கே எல்லோரும் ஆர்.ஓ. என்கிறார்கள். அவருக்குப் பதில் கையெழுத்திடும் துணை அலுவலர் ஏ.ஆர்.ஓ.

இரண்டாம் கட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். பலர் இடறுவது இங்கேதான். நீங்கள் போய் இருக்கும் பல்கலைக்கழகமே ஸ்பொன்சராக இருந்தால் வேலை சுலபம். அங்குள்ள சர்வதேச அலுவலகத்தில் ஆர்.ஓ. இருப்பார். ஆனால் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் புலமைப்பரிசிலில் போகிறவர்களுக்குக் கதை வேறு. 1952இல் இருந்து இங்கே இயங்கும் அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழு வழியாகப் போனவர், ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து ஆய்வு செய்வார்; தாளில் ஸ்பொன்சராக வேறு பெயர் இருக்கும். அவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்துச் சர்வதேச அலுவலகம் எவ்வளவு அன்பாக "ஓம், போய்ப் பேசுங்கள்" என்று சொன்னாலும் அது அனுமதி ஆகாது. உங்களை அழைத்த பேராசிரியர் சொன்னாலும் ஆகாது. தாளில் யார் ஸ்பொன்சரோ, அவருடைய ஆர்.ஓ.தான் அனுமதி தர முடியும்.

அடுத்தது நான்காம் கட்டம். நான் இங்கே விளக்கும் விதி புரொபெசர், ரிசர்ச் ஸ்கொலர் என்ற இரண்டு வகையினருக்கு எழுதப்பட்டது. ஆறு மாதத்துக்கு மேல் போகாத குறுகிய கால ஸ்கொலர் வகைக்கு வேறு பிரிவு. அந்தப் பிரிவில் இந்த ஏற்பாடு இல்லை. அந்த வகையில் போகிறவர்களிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: வெளிப்பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அழைப்பு வந்தால் ஸ்பொன்சரிடம் காட்டுங்கள், அவர் சொல்வதுதான் முடிவு. ஜே-1 மாணவர்களுக்கு இருக்கும் வேலை விதிகள் இதோடு சேராதவை.

சரி, விதி என்ன சொல்கிறது? அமெரிக்கக் கூட்டாட்சி ஒழுங்குவிதிகளின் 22ஆம் தலைப்பில், 62.20ஆம் பிரிவின் ஜி உட்பிரிவு. இடையிடையே நடக்கும் விரிவுரைகளுக்கும் குறுகிய கால ஆலோசனைகளுக்கும், ஸ்பொன்சர் அனுமதித்தால், போகலாம். அது உங்கள் ஆய்வின் நோக்கத்தோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். முதன்மை வேலைக்குத் துணையாக, அதன் ஓரத்தில் நிற்க வேண்டும். உங்கள் திட்டம் முடியும் நாளைத் தள்ளிப்போடக் கூடாது. செவிஸ் என்ற அவர்களின் கணினிப் பதிவில் ஏற வேண்டும். பணம் வாங்குவதாக இருந்தால், ஊழியராக அல்லாமல் சுயாதீன ஒப்பந்தக்காரராகச் செய்ய வேண்டும்.

இதை இரண்டு தடவை படியுங்கள். பணம் இல்லாவிட்டால் அனுமதி வேண்டாம் என்று விதி சொல்லவில்லை. "சும்மா நட்புக்காகப் பேசப் போகிறேன், ஒரு சதமும் வாங்கவில்லை" என்பவர்களும் ஸ்பொன்சரிடம் கேட்டுவிட்டே போக வேண்டும். பணம் வரும்போது கூடுதலாகக் கடிதங்களும் எழுத்து முடிவும் சேர்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். பயணச் செலவை மட்டும் திருப்பித் தருகிறார்கள் என்றாலும் அதையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

"இடையிடையே" என்ற சொல்லுக்கு விதி ஒரு எண்ணிக்கை கொடுக்கவில்லை. அதனால்தான் ஆர்.ஓ.வின் தீர்மானம் முக்கியமாகிறது. எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கல்லூரியில் பேசி முடித்த பிறகு, பூச்சி ஒழிக்கும் தனியார் நிறுவனம் ஒன்று கேட்டது: நுளம்புப் பொறிகளில் கிடைத்த தரவைப் பார்த்துத் தர வேண்டும், வாரம் எட்டு மணி நேரம், நான்கு மாதம். பணம் நல்ல பணம். இந்த முறை முதலில் ஆர்.ஓ.விடம் போனேன். அவர் மறுத்தார். வாரா வாரம், குறித்த மணி நேரம், அவர்கள் அலுவலகத்தில் அவர்கள் கணினியில் என்றால் அது பகுதிநேர வேலை. ஆலோசனை என்று பெயர் வைத்ததால் ஆலோசனை ஆகிவிடாது என்றார். எனக்கு அன்று வருத்தம்தான். ஆனால் அவர் சொன்னது சரி என்று இன்று உறுதியாக நம்புகிறேன். நான் அங்கே போனது ஆய்வுக்கு. பிறகு அந்த நிறுவனத்தோடு கதைத்து, ஒரே தடவை இரண்டு நாள் உட்கார்ந்து தரவைப் பார்த்து, ஒரு அறிக்கை கொடுப்பது என்று மாற்றினோம். அதற்கு ஆர்.ஓ.வின் அனுமதி கிடைத்தது.

சுயாதீன ஒப்பந்தக்காரர் என்பதற்கு அடையாளமும் இதிலேயே இருக்கிறது. என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கலாம். எப்படிச் செய்வது என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்கள் சொந்த மடிக்கணினி, உங்கள் சொந்த ஸ்லைட், உங்கள் முறை. அவர்கள் பார்ப்பது முடிவை மட்டும். நேர அட்டை, மேலாளர், சம்பளப் பட்டியல் என்று வந்தால் நீங்கள் ஊழியர். ஒரு பருவம் முழுக்க ஒரு பாடத்தை எடுத்துப் புள்ளி போட்டுத் தரச் சொல்லிப் பக்கத்துக் கல்லூரி கேட்டால், எவ்வளவு கௌரவமாக இருந்தாலும் அது இந்த விதிக்குள் அடங்காது.

இனி அந்த இரண்டு கடிதங்கள். முதலாவது, அழைப்பவரிடம் இருந்து. எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எந்தத் துறை அல்லது தலைப்பு, எவ்வளவு பணம், என்ன செய்யப் போகிறீர்கள் என்ற விபரம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். அழைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் ஒரு அன்பான இமெயிலோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் என்னவெல்லாம் வேண்டும் என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாதிரி இது. இதை ஆங்கிலத்தில் உங்கள் சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள்:

"அழைப்புக்கு மிக்க நன்றி. பேச எனக்கு விருப்பம். ஆனால் நான் ஜே-1 விசாவில் இருப்பதால், ஸ்பொன்சரின் எழுத்து அனுமதி கிடைத்த பிறகே உறுதி சொல்ல முடியும். அதற்கு உங்கள் கடிதத் தலைப்பில் கையெழுத்திட்ட ஒரு கடிதம் தேவை. விரிவுரையின் தலைப்பும் சுருக்கமும், நடக்கும் நாளும் இடமும், மொத்த மணி நேரம், தரவிருக்கும் தொகை, பயணச் செலவு தருவதாக இருந்தால் அது, இவை அதில் இருக்க வேண்டும். அனுமதிக்குச் சில வாரம் எடுக்கலாம் என்பதால் அதற்கு ஏற்ற நாளாகக் குறிக்க முடிந்தால் உதவியாக இருக்கும்."

"பேச விருப்பம், உறுதி பிறகு." எல்லாப் பதிலிலும் இந்த இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் வெளிநாட்டவருக்குப் பணம் கொடுக்கும் பிரிவினர் எப்படியும் இந்த அனுமதித் தாளைக் கேட்பார்கள்.

இரண்டாவது கடிதம் உங்கள் துறைத் தலைவரிடம் அல்லது மேற்பார்வையாளரிடம் இருந்து. இதைப் பரிந்துரைக்கிறேன் என்று மட்டும் எழுதினால் போதாது. இது உங்கள் திட்டத்துக்கு எப்படி வலுச் சேர்க்கும் என்று விளக்க வேண்டும். பேராசிரியர்களுக்கு நேரம் இல்லை. ஒரு பந்தி நீங்களே எழுதிக்கொண்டு போய், "சேர், இதைத் திருத்தித் தர முடியுமா?" என்று கேளுங்கள். என் மேற்பார்வையாளர் தந்த கடிதத்தில், கொழும்பில் வீடு வீடாகச் செய்யும் நுளம்புக் குடம்பிப் பரிசோதனையை அமெரிக்கப் பொதுச் சுகாதார மாணவர்களுக்கு விளக்கும்போது வரும் கேள்விகள் என் ஆய்வு முறையைக் கூர்மையாக்கும் என்று எழுதியிருந்தார். அப்படிக் குறிப்பாக இருக்க வேண்டும். "நல்ல அனுபவமாக இருக்கும்" என்பது எதையும் சொல்லாத வரி.

இரண்டையும் ஆர்.ஓ.விடம் கொடுங்கள். பல அலுவலகங்களில் இதற்கென்று சொந்தப் படிவம் இருக்கும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் எடுக்கும் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். அவர் எழுத்தில் முடிவு தந்து, செவிஸில் பதிந்த பிறகே வேலையைத் தொடங்கலாம். இன்னொரு கல்லூரி கூப்பிட்டால் மறுபடி முதலில் இருந்து. ஒரு அனுமதி ஒரு அழைப்புக்குத்தான். டிஎஸ்-2019இல் உள்ள முடிவு நாளுக்குப் பிறகு ஊர் சுற்றவும் மூட்டை கட்டவும் கிடைக்கும் 30 நாளில் எந்த விரிவுரைக்கும் பணம் வாங்க முடியாது.

மீறினால் என்ன ஆகும் என்று தம்பிமார் கேட்பார்கள். மறைக்காமல் சொல்கிறேன். அனுமதியில்லாத வேலை செய்தவர் திட்டத்தின் நிலையை மீறியவர் ஆகிறார்; ஸ்பொன்சர் திட்டத்தையே நிறுத்தலாம். வேறு சில தவறுகளுக்கு மறுபடி நிலையில் சேர்க்கும்படி அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்திடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அனுமதியில்லாத வேலைக்கு அந்தக் கதவும் மூடியிருக்கிறது என்று 62.45ஆம் பிரிவு சொல்கிறது. அந்த 30 நாளும் திட்டத்தை ஒழுங்காக முடித்தவருக்குத்தான். இங்கே பல்கலைக்கழகத்தில் விடுப்பு ஒப்பந்தமும் பிணையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஒருவருக்கு, பாதியில் திரும்புவது எத்தனை பேரைச் சுற்றிப் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிணைக்குக் கையெழுத்திட்டவர் அண்ணனோ மாமாவோதான்.

கடை, உணவகம், வாடகை வண்டி ஓட்டுவது, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, பிள்ளை பார்ப்பது: இவை ஆய்வோடு சம்பந்தம் இல்லாதவை. அங்குள்ள நம்மவர் யாராவது "கையில் காசு தருகிறேன், ஒருவருக்கும் தெரியாது" என்று அன்போடு சொல்லலாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் வேலை செய்ய வேண்டாம்.

கொழும்பில் இருந்து போகிறவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரில் ரியூசன் கொடுத்தவர், ஸூமில் தொடரலாமா என்று கேட்பார். கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தவர், "பணம் இலங்கை வங்கிக் கணக்குக்குத்தானே வருகிறது, அமெரிக்காவுக்கு என்ன?" என்பார். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடம் அமெரிக்கா. பணம் எங்கே விழுகிறது என்பதை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஆர்.ஓ.வுக்கு இமெயில் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆய்வுக்காகச் சம்பளத்தோடு எடுக்கும் சபாற்றிக்கல் விடுப்பில் உங்கள் பல்கலைக்கழகம் தரும் சம்பளம் வேறு. அது உங்கள் செலவுக்கான வழியாக ஐந்தாம் கட்டத்தில் காட்டப்படக்கூடிய பணம்.

கூடப் போகும் கணவன் அல்லது மனைவி ஜே-2. அவருக்கு இந்தக் கடித வழி கிடையாது. குடிவரவுச் சேவையிடம் ஐ-765 படிவத்தில் விண்ணப்பித்து, வேலை அனுமதி அட்டை கையில் வந்த பிறகு வேலை செய்யலாம். அதன் பின் துறைக் கட்டுப்பாடு இல்லை. ஒரே நிபந்தனை, அந்தப் பணம் ஜே-1காரரைத் தாங்குவதற்காக இருக்கக் கூடாது. "என் சம்பளம் போதாது" என்று விண்ணப்பத்தில் எழுதியவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுத வேண்டாம்.

இன்னொரு குழப்பம், 9-5-6 என்று சொல்வார்களே, அது. ஒரு நிறுவனத்தில் ஒன்பது நாளுக்கு மேல் போகாமல், ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனத்துக்கு மேல் வாங்காமல், விரிவுரைக்கு மதிப்பூதியம் பெறலாம் என்ற அந்த ஏற்பாடு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. குறுகிய பயணமாக பி வகை வருகையாளர் விசாவில் போகிறவர்களுக்குத்தான் அது. ஜே-1இல் இருப்பவர் அதைக் காட்டி ஆர்.ஓ.வைத் தாண்ட முடியாது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு இரண்டும் பொருந்தாது. அவர் மனுப் போட்ட நிறுவனத்துக்குத்தான் வேலை செய்யலாம்.

அப்புறம் வரி. என் 500 டொலர் 350ஆகத்தான் வந்தது. வரிச் சட்டத்தின்படி ஜே-1 ஆய்வாளர் பொதுவாக முதல் இரண்டு நாட்காட்டி ஆண்டுகளுக்கு வதிவற்றவர், அதாவது அங்கே வசிப்பவராகக் கணக்கில் எடுக்கப்படாதவர். இப்படியான கொடுப்பனவில் முப்பது வீதத்தைப் பிடித்துக்கொள்வது வழக்கமான நடைமுறை. பிடித்ததற்குச் சான்றாக 1042-எஸ் என்ற தாள் அடுத்த ஆண்டு மார்ச்சில் வரும். முகவரி மாறினால் அவர்களுக்கு அறிவியுங்கள், இல்லாவிட்டால் அது பழைய வீட்டுக்குப் போய்விடும். அதை வைத்து வதிவற்றவருக்கான வரிப் படிவம் 1040-என்ஆர் நிரப்ப வேண்டும். ஒரு சதமும் உழைக்காதவரும் 8843 படிவம் அனுப்ப வேண்டும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் 1985இல் கொழும்பில் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்த வரி உடன்படிக்கை இருக்கிறது. அதன்படி சலுகை கோருவதற்கான படிவம் 8233. உங்கள் விடயத்தில் சலுகை உண்டா என்று பணம் வருவதற்கு முன்பே பணம் தரும் இடத்து வரிப் பிரிவிடம் கேளுங்கள். பிறகு கேட்டால், முதலில் பிடித்துவிட்டுத் திருப்பிக் கேட்டு அலைய வேண்டிவரும்.

அழைப்புக் கடிதம், பரிந்துரைக் கடிதம், ஆர்.ஓ.வின் முடிவு, 1042-எஸ், இந்த நான்கையும் டிஎஸ்-2019இன் எல்லாப் பிரதிகளோடும் ஒரே கோப்பில் வையுங்கள். அமெரிக்க விசாவுக்கு மறுபடி விண்ணப்பிக்கும்போது டிஎஸ்-160 படிவத்தில், முன்பு விசா நிபந்தனையை மீறியிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். சில வருடம் கழித்து ஒரு மாநாட்டுக்குப் போக நான் அதை நிரப்பியபோது, "இல்லை" என்று அழுத்தினேன். கோப்பு மேசையில் பக்கத்திலேயே இருந்தது.